பிழைக்காசும் பொய்க்காசும்: அமெரிக்க நிக்கல் நாணயங்கள் உரைக்கும் வரலாறு

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். நெஞ்சில் நிற்கும் நேர்மையும் நாணயம். சொன்ன சொல் தவறாதவரை நாணயமானவர் என்கிறோம். மதிப்பிழந்து நிற்பவரைச் செல்லாக்காசு என்கிறோம். காசுக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரே சொல்லை வழங்கிய மக்கள், காசின் மதிப்பு அதன் உலோகத்தில் மட்டும் இல்லை, ஊரார் அதன்மேல் வைத்த நம்பிக்கையிலும் இருக்கிறது என்பதை நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

இந்த நம்பிக்கைக்கு ஊறு நேரும் வழிகள் இரண்டு. காசு அடிக்கும் அக்கசாலையில் அறியாமல் தவறு நேர்ந்தால் பிழைக்காசு பிறக்கிறது. அறிந்தே ஏமாற்ற முனைபவன் கையில் பொய்க்காசு பிறக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டுமே இயல்பான காசிலிருந்து சற்று மாறுபட்டவை. ஆயினும் ஒன்று உழைப்பின் தடம்; மற்றொன்று வஞ்சகத்தின் தடம். இவ்விரண்டையும் பிரித்தறியும் கலையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயின்றுவருபவர்கள் காசு திரட்டுவோர். அவர்களுக்கு அமைந்த பெருங்களங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐந்து சென்ட் காசாகிய ‘நிக்கல்’ ஆகும்.

நிக்கலின் பிறப்பு

1861இல் தொடங்கி 1865 வரை நீடித்த அமெரிக்க உள்நாட்டுப் போர், அந்நாட்டு மக்களின் கைகளிலிருந்து உலோகக் காசுகளை அகற்றிவிட்டது. போர்க்காலத்தின் அச்சத்தால் பொன்னையும் வெள்ளியையும் மக்கள் பதுக்கினர். சில்லறை இல்லாத நிலையில் அஞ்சல் தலைகள் கைமாறின. பின்னர் அரசே சிறுதொகைத் தாள்களை அச்சிட்டு வழங்கியது. மூன்று சென்டுக்கும் ஐந்து சென்டுக்கும்கூடத் தாள்கள் இருந்தன. அழுக்கேறிக் கிழிந்த அத்தாள்களை மக்கள் வெறுத்தனர். ஐந்து சென்ட் தாள் ஒன்றில், தாள் அச்சிடும் அலுவலகத்தின் தலைவராகிய ஸ்பென்சர் கிளார்க் தம் உருவத்தையே இடம்பெறச் செய்தார். அதனால் எழுந்த சினத்தில், உயிரோடிருப்பவர் உருவத்தைப் பணத்தாளில் பொறிக்கலாகாது என்று 1866இல் சட்டம் வந்தது.

அதே ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் ஐந்து சென்டுக்குப் புதிய உலோகக் காசை ஏற்படுத்தியது. முக்காற்பங்கு செம்பும் காற்பங்கு நிக்கலும் கலந்த ஐந்து கிராம் காசு அது. கலந்தது காற்பங்கே ஆயினும் அவ்வுலோகத்தின் பெயரே காசுக்கு நிலைத்தது. பிலடெல்பியா அக்கசாலையின் தலைமைச் சிற்பி ஜேம்ஸ் லாங்கேக்கர் அதன் முகப்பில் ஒரு கேடயத்தை வரைந்தார். பின்புறத்தில் ஐந்து என்னும் எண்ணைச் சுற்றிப் பதின்மூன்று விண்மீன்களும் அவற்றிடையே ஒளிக்கதிர்களும் அமைந்தன.

இக்காசை அடிப்பது எளிதாக இல்லை. வெள்ளியினும் செம்பினும் கடினமான கலவையாதலின், எஃகு அச்சுகள் விரைவில் வெடித்தன. உருவத்தின் நுண்பகுதிகளில் உலோகம் சென்று நிறையவில்லை. எனவே 1867இன் தொடக்கத்தில் ஒளிக்கதிர்களை நீக்கிவிட்டனர். கதிருள்ள காசும் கதிரில்லாத காசும் ஒருசேரப் புழங்கியபோது, இரண்டில் ஒன்று கள்ளக்காசோ என்று மக்கள் ஐயுற்றனர். நிக்கலின் வரலாறு இவ்வாறு ஐயத்தோடே தொடங்கியது. அரசு செய்த நேர்மையான மாற்றமும் பார்ப்பவர்க்குப் பொய்போலத் தோன்றலாம் என்பதற்கு அது முதற்சான்று ஆயிற்று.

அச்சு பேசும் மொழி

காசின் பிழைகளைப் புரிந்துகொள்ள, காசு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிதல் வேண்டும். முதலில் மேடாகச் செதுக்கிய தாய் அச்சு ஒன்று உண்டு. அதனைப் பதப்படுத்திய எஃகுத் துண்டின்மேல் அழுத்தினால், உருவம் குழிவாகப் பதிந்த வேலை அச்சு கிடைக்கும். ஒருமுறை அழுத்தினால் உருவம் முழுமை பெறாது. எஃகைக் காய்ச்சி இளக்கி மீண்டும் மீண்டும் அழுத்துவர். இரண்டாம் அழுத்தத்தில் தாய் அச்சு இம்மியளவு விலகினாலும் வேலை அச்சில் உருவம் இரட்டையாகப் பதிந்துவிடும். அவ்வச்சு அடிக்கும் ஒவ்வொரு காசும் அந்த இரட்டையைச் சுமக்கும். 1916ஆம் ஆண்டுக் காட்டெருமை நிக்கலில் ஆண்டு எண்கள் இரண்டிரண்டாகத் தோன்றுவது இதனால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்டு எண்ணைத் தாய் அச்சில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வேலை அச்சிலும் ஒரு தொழிலாளி கையால் அடித்துப் பதிப்பார். எண் சற்றே சாய்ந்தோ இறங்கியோ பதிந்தால், அதன்மேலேயே மறுபடி அடித்துத் திருத்துவார். பழைய பதிவின் நிழல் புதிய எண்ணின் ஓரத்தில் எஞ்சி நிற்கும். கேடய நிக்கல்களில் இத்தகைய மறுபதிவுகள் மிகுதி. 1882ஆம் ஆண்டின் அச்சு ஒன்றில் 1883 என்று மேலடித்துப் பயன்படுத்தியமையால், மூன்றின் கீழ் இரண்டு தெரியும் காசுகளும் உள்ளன. 1873இல் வேறொரு சிக்கல் எழுந்தது. மூன்று என்னும் எண்ணின் முனைகள் நெருங்கியிருந்தமையால் அது எட்டுப்போல் தோன்றுகிறது என்று தலைமைக் காசடிப்பாளர் முறையிட்டார். உடனே முனைகள் விரிந்த மூன்று உருவாயிற்று. ஓர் எண்ணின் வடிவம் பற்றிய அலுவலகக் கருத்து வேறுபாடு இரண்டு வகைக் காசுகளாக இன்றும் நிலைத்திருக்கிறது.

அச்சு வெடித்தால், வெடிப்பில் உலோகம் புகுந்து காசின்மேல் மெல்லிய மேட்டுக் கோடாகப் படியும். நாளேற நாளேற அக்கோடு நீளும். ஆகவே ஒரே வெடிப்பைக் காட்டும் காசுகள் யாவும் ஓர் அச்சின் பிள்ளைகள் என்பதும், அவற்றுள் குறுங்கோடு உடையது மூத்தது, நெடுங்கோடு உடையது இளையது என்பதும் தெளிவாகும். சுவடிப் பதிப்பாளர்க்கு இம்முறை புதிதன்று. இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் காட்டினால் அவை ஒரே தாய் ஏட்டிலிருந்து படி எடுக்கப்பட்டவை என்று அவர்கள் கருதுவர். திருத்தமான பாடம் எல்லா ஏடுகளுக்கும் பொது. பிழையோ ஓர் ஏட்டின் குடிவழியைக் காட்டுவது. காசுக்கும் அதுவே விதி. பிழையில்லாத காசு தன் பிறப்பைப் பற்றி ஒன்றும் கூறாது.

இத்தகைய வேறுபாடுகளைத் தொகுப்பதே தனித்துறையாக வளர்ந்தது. பில் பைவாஸ், ஜே. டி. ஸ்டாண்டன் ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்ட கையேடு, எளிய காசுக் குவியலில் அரிய அச்சு வேறுபாடுகளைக் கண்டெடுக்கும் முறையைப் பலர்க்கும் கற்பித்தது. 1994இல் எட்வர்ட் பிளெட்சர், கேடய நிக்கலின் வேறுபாடுகளுக்கெனவே ஒரு நூலை ஆக்கினார். இவ்விரண்டுக்கும் பின்னால் இருப்பது பொறுமை. ஐந்து சென்ட் காசை உருப்பெருக்கியின்கீழ் வைத்து, வேறு எவரும் பாராததைப் பார்க்கும் பொறுமை அது.

விடுபட்ட சொல்

பிழை எப்போதும் தொழிலாளியிடமே நேர்வதில்லை, வகுப்பவரிடமும் நேரும். 1883இல் சார்லஸ் பார்பர் வரைந்த புதிய நிக்கல் வெளிவந்தது. முகப்பில் விடுதலைத் தேவியின் தலை. பின்புறத்தில் ஐந்தைக் குறிக்கும் ‘வி’ என்னும் பெரிய உரோம எண். ஐந்து என்றுதான் இருந்ததே தவிர, ஐந்து ‘சென்ட்’ என்று அதில் எங்கும் இல்லை. ஐந்து டாலர் பொற்காசிலும் விடுதலைத் தேவியின் தலையே இருந்தது. அளவிலும் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன.

வஞ்சகர்க்கு வேறென்ன வேண்டும்? நிக்கலுக்குப் பொன்முலாம் பூசினர். சிலர் பொற்காசில் உள்ளதுபோல் விளிம்பில் வரிகளும் கீறினர். ஐந்து சென்ட் காசு ஐந்து டாலராகக் கைமாறியது. பேச இயலாத ஒருவர் கடைதோறும் சென்று ஐந்து சென்ட் பொருளை வாங்கி, முலாம் பூசிய காசை வைத்து, வாய்திறந்து ஏதும் கேளாமலே மீதச் சில்லறை பெற்றார் என்றும், கேளாமையால் குற்றமில்லை என்று வழக்கு மன்றம் அவரை விடுவித்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது செவிவழிக் கதையே அன்றி ஆவணம் காட்டும் நிகழ்ச்சி அன்று. ஆயினும் முலாம் பூசிய காசுகள் மெய்யாகவே உள்ளன. அவ்வாண்டின் இடைப்பகுதியிலேயே அக்கசாலை ‘சென்ட்’ என்னும் சொல்லைக் காசில் சேர்த்தது. ஆகவே 1883 என்னும் ஒரே ஆண்டு கேடயக் காசு, சொல்லில்லாக் காசு, சொல்லுள்ள காசு என மூவகை நிக்கல்களைத் தாங்கியது.

இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. முலாம் பூசிய அந்த நிக்கல் கள்ளக்காசு அன்று. அரசு அடித்த மெய்க்காசேயாகும். மெய்யான காசைக் கொண்டே பொய் உரைத்தனர். குற்றம் காசில் இல்லை. அதனை நீட்டிய கையில் இருந்தது.

ஐந்து சென்டுக்கும் கள்ளமா?

பெருமதிப்புள்ள தாள்களையும் பொற்காசுகளையும் போலியாக்குவது எளிதில் விளங்கும். ஐந்து சென்டைப் போலியாக்குவானேன் என்னும் வினா எழலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்து சென்ட் சிறுதொகை அன்று. நகரத் தெரு வண்டியில் ஒருவர் செல்ல அது போதும். ஒரு சுருட்டுக்கு அது விலை. மேலும் நிக்கலில் பொன்னோ வெள்ளியோ இல்லாமையால் போலிக்குரிய உலோகம் மலிவாகவே கிடைத்தது. எல்லாவற்றினும் மேலாக, சிறு காசை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. பொற்காசைத் தட்டி ஓசை கேட்கும் வணிகர், நிக்கலைப் பார்க்காமலே பெட்டியில் போட்டுவிடுவார். எனவே கேடய நிக்கலுக்குப் போலிகள் பல எழுந்தன. கள்ளப்பணத்தை ஒடுக்கவென்றே 1865 ஜூலை 5ஆம் நாள் கருவூலத்துறையின் கீழ் இரகசியக் காவல் அமைப்பு தொடங்கப்பட்டிருந்தும் அவற்றை முற்றிலும் தடுக்க இயலவில்லை.

அக்காலப் போலிகளைக் காண்போர் வியப்பது, அவற்றில் தெரியும் கைவேலையை. எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒவ்வா. விண்மீன்களின் முனைகள் மழுங்கும். கேடயத்தின் கோடுகள் எண்ணிக்கையிலும் இடைவெளியிலும் பிறழும். எவரோ ஒருவர் ஏதோ ஓர் அறையில் அமர்ந்து எஃகில் கையால் வெட்டிய உழைப்பு அது. அதனால்தான் இன்று சிலர் அப்போலிகளையே தேடித் திரட்டுகின்றனர். புழக்கத்துக்காக அக்காலத்திலேயே செய்யப்பட்ட போலி, ஏமாற்றும் ஆற்றலை இழந்தபின் வரலாற்றுச் சான்றாக மாறுகிறது. எந்தக் காசு மக்களிடையே நம்பிக்கை பெற்றிருந்தது, எந்த உலோகம் எளிதில் கிட்டியது, கள்ளத் தொழிலாளியின் திறம் எவ்வளவு என்பனவற்றை அது சொல்லும்.

ஆயினும் அக்காசின் பின்னால் நின்றவரை மறந்துவிடலாகாது. கள்ளக்காசின் இழப்பு அதனை ஆக்கியவனைச் சேர்வதில்லை. அது கடைசியாக எவர் கையில் சிக்குகிறதோ அவரைச் சேர்கிறது. வண்டிக் கட்டணம் தண்டுபவரும், தெருவில் பழம் விற்பவரும், நாட்கூலி பெறுபவருமே ஐந்து சென்டை நாள்தோறும் கையாண்டவர்கள். ஆகவே சிறுகாசின் கள்ளம் எளியவர் மடியில் கைவைத்த கள்ளமாகும். திரட்டுவோர் பேழையில் பளபளக்கும் பழம்போலி ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் எவரோ ஒருவரின் ஒருவேளை உணவைக் குறைத்திருக்கக்கூடும்.

எருமையின் கால்

1913இல் ஜேம்ஸ் ஏர்ல் பிரேசர் வடித்த காட்டெருமை நிக்கல் வந்தது. ஒருபுறம் அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் முகம், மறுபுறம் காட்டெருமை. 1937இல் டென்வர் அக்கசாலையில் இவ்வகைக் காசு அடிக்கும்போது ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. இடையே காசுத் தகடு இல்லாமல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதினால், ஒன்றின் உருவம் மற்றொன்றில் வடுவாகப் பதியும். அவ்வடுவைப் போக்க ஒரு தொழிலாளி அச்சைத் தேய்த்தார். சற்று மிகையாகவே தேய்த்துவிட்டார். காட்டெருமையின் முன்னங்கால்களுள் ஒன்று மறைந்தது. மூன்றுகால் எருமை பொறித்த காசுகள் வெளியே சென்றுவிட்டன. பிழையைத் திருத்தப்போய்ப் பெரும்பிழை செய்த கதை இது. பதிப்பாசிரியர் பலர்க்கும் அறிமுகமான கதையும் ஆகும்.

அப்பிழை அரிதாயிற்று, அரிதானமையால் விலை உயர்ந்தது, விலை உயர்ந்தமையால் பொய் பிறந்தது. அதே ஆண்டின் இயல்பான டென்வர் காசை எடுத்து, எருமையின் ஒரு காலைச் சுரண்டி நீக்கி, மூன்றுகால் எருமை என்று விற்றனர். பொய் மெய்யைப் போலச் செய்வது உலகியல்பு. இங்கோ பொய் ஒரு பிழையைப் போலச் செய்யத் தொடங்கியது.

இதனைக் கண்டறியும் வழி எளிய ஒரு விதியில் அடங்கும். அச்சில் குழியானது காசில் மேடாகும். அச்சில் மேடானது காசில் குழியாகும். மெய்யான மூன்றுகால் காசில், தேய்வுற்ற அச்சின் சிறு பள்ளங்கள் எருமையின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே மேட்டுப் புள்ளிகளாக வரிசையிடும். பின்னங்கால் அரிப்புண்டதுபோல் மெலிந்திருக்கும். முன்னங்கால் மறைந்தாலும் அதன் குளம்பு மட்டும் நிற்கும். சுரண்டியவனால் உள்ளதை நீக்க முடியும். இல்லாத மேட்டை உண்டாக்க முடியாது. அவன் கருவியின் கீறலோ காசின் பரப்புக்குக் கீழே பள்ளமாகக் கிடக்கும். பிழை அச்சிலிருந்து மேலெழுகிறது. பொய் வெளியிலிருந்து காசைக் குடைகிறது.

கள்ளரும் வாளாவிருக்கவில்லை. எந்த அக்கசாலையில் அடித்தது என்பதைக் காட்டும் சிற்றெழுத்தைச் சாலைக்குறி எனலாம். சாலைக்குறி இல்லாத எளிய காசின் விளிம்பில் நுண்துளையிட்டு, உள்ளிருந்து கருவியால் அழுத்தி, அந்த எழுத்தை மேலெழுப்பிய போலிகளும் காட்டெருமை நிக்கல்களில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. எழுத்து ஒட்டப்படாமல் காசின் உலோகத்தோடு ஒன்றியிருந்தமையால் மேற்பரப்பை மட்டும் நோக்கியவர் ஏமாந்தனர். விளிம்பையும் திருப்பிப் பார்த்தவரே துளை அடைபட்ட வடுவைக் கண்டனர்.

மாறாக, மெய்யான சாலைக்குறிப் பிழை ஒரு நிறுவனத்தின் வரலாற்றையே உரைக்கும். 1955ஆம் ஆண்டு நிக்கல்கள் சிலவற்றில் டென்வரைக் குறிக்கும் ‘டி’யின் கீழ், சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் ‘எஸ்’ தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் அவ்வாண்டு காசடிப்பு நின்றது. அதற்கென ஆயத்தமான அச்சுகளை வீணாக்காமல் மேலடித்து டென்வருக்கு அனுப்பினர். ஓர் ஊரில் உலை அணைந்த செய்தி, மற்றோர் ஊரின் காசில் நிழலாக நிற்கிறது.

ஓர் எழுத்தின் சாட்சி

1938 முதல் நிக்கலில் தாமஸ் ஜெபர்சனின் உருவமும், மறுபுறம் மான்டிசெல்லோ என்னும் அவரது இல்லமும் இடம்பெற்றன. பீலிக்ஸ் ஷ்லாக் என்பவர் போட்டியில் வென்று வரைந்தது அவ்வடிவம். இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் படைக்கலத்துக்குத் தேவைப்பட்டது. எனவே 1942 முதல் 1945 வரை செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீசு 9 விழுக்காடு கலந்த உலோகத்தால் காசு அடித்தனர். போர் முடிந்தபின் அவற்றைப் பிரித்தெடுக்க ஏதுவாக, இல்லத்தின் மேலே பெரிய சாலைக்குறியைப் பொறித்தனர். அதுவரை எக்குறியும் இடாதிருந்த பிலடெல்பியா, ‘பி’ என்னும் எழுத்தை முதன்முதலாகத் தன் காசில் இட்டது அப்போதுதான்.

1950களின் இடையில், 1944 என்று ஆண்டு பொறித்த சில நிக்கல்களில் இந்தப் பெரிய எழுத்து எதுவும் இல்லாமை காசு திரட்டுவோர் கண்ணிற்பட்டது. அவ்வாறு ஒரு காசு இருக்கவே இயலாது. விசாரணை நியூ ஜெர்சி மாநிலத்து எரியல் என்னும் ஊரைச் சேர்ந்த பிரான்சிஸ் லீராய் ஹென்னிங்கிடம் சென்று நின்றது. அவர் வேறு ஆண்டுகளின் நிக்கல்களையும் ஆக்கியிருந்தார். ஒரு காசை ஆக்க அவருக்கு ஏறத்தாழ மூன்றரை சென்ட் செலவாயிற்று என்பர். அவ்வளவு உழைப்புக்கும் காசுக்கு ஒன்றரை சென்டே ஊதியம். ஓரிலக்கம் காசுகள் வரை அவர் புழங்கவிட்டிருக்கலாம் என்றும், அகப்படுவோம் என்று அஞ்சியபோது எஞ்சியவற்றை ஆறுகளில் கொட்டினார் என்றும் கூறுவர். மூன்றாண்டுச் சிறையும் ஐயாயிரம் டாலர் தண்டமும் அவர் பெற்ற ஒறுப்பு.

எழுத்திலே அவர் தவறினார். போர்க்காலக் காசுக்கு ஒரு தனி எழுத்து உண்டு என்னும் வரலாற்றை அவர் அறியவில்லை, அல்லது எண்ணிப் பார்க்கவில்லை. இவர் காசுகள் பலவற்றில், இலத்தீன் வாசகத்தில் வரும் ‘ஆர்’ என்னும் எழுத்தின் இடக்காலிலும் ஒரு குறை உண்டு. அக்குறை ஒரே அச்சின் பிள்ளைகளை அடையாளம் காட்டியது. பொய்க்காசையும் அதன் அச்சுப் பிழையே காட்டிக்கொடுத்தது.

மெய்யைப் பொய்யென்றல்

இதுகாறும் கூறியவை பொய்யை மெய்யென்று மயங்கிய வரலாறுகள். மெய்யைப் பொய்யென்று தள்ளிய வரலாறும் உண்டு. 1912உடன் நின்றுபோன விடுதலைத் தேவி நிக்கலில், 1913 என்று பொறித்தவை ஐந்து மட்டுமே உள்ளன. அவற்றை அடிக்க ஆணை இல்லை. அக்கசாலைக் கணக்கில் பதிவும் இல்லை. அக்கசாலையில் முன்னர்ப் பணிபுரிந்த சாமுவேல் பிரவுன் என்பவர் 1919 டிசம்பரில், அத்தகைய காசை விலைக்குக் கொள்வதாக நாணயவியல் இதழொன்றில் விளம்பரம் செய்தார். அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் காசையும் காட்டினார். பின்னர் மாக்ஸ் மெல் என்னும் வணிகர், ஒரு காசுக்கு ஐம்பது டாலர் தருவதாகப் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தார். பொருளாதார மந்த காலத்தில் எண்ணற்ற எளியோர் தம் சில்லறையில் அவ்வாண்டைத் தேடினர். ஒருவர்க்கும் கிட்டவில்லை. வேறு ஆண்டுக் காசுகளின் எண்ணைத் திருத்திச் செய்த போலிகளோ பல தோன்றின.

ஐந்தனுள் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன், 1962 மார்ச் மாதம் காசுக் கண்காட்சிக்குச் செல்லும் வழியில் வண்டி மோதி இறந்தார். அவர் திரட்டிய காசுகளை ஆய்ந்த ஏலத்தார், அந்த நிக்கல் ஆண்டு திருத்தப்பட்ட போலி என்று கூறிக் குடும்பத்தாரிடம் திருப்பித் தந்தனர். போலிகள் மலிந்த காலத்தில் ஐயம் எழுந்தது இயல்பே. நாற்பதாண்டுகள் அது வீட்டு அலமாரியில் கிடந்தது. 2003 ஜூலையில் பால்டிமோர் நகரில், மற்ற நான்கு காசுகளையும் அருகருகே வைத்து, வல்லுநர் அறுவர் நள்ளிரவில் ஒப்புநோக்கினர். ஐந்தாவதும் மெய்யே என்று ஒருமனமாகத் துணிந்தனர். 2013இல் அது 31 இலட்சத்து 72 ஆயிரத்து 500 டாலருக்கு ஏலம் போயிற்று.

1962இல் அக்காசைத் தனியே நோக்கினர்; 2003இல் உடன்பிறந்த காசுகளோடு ஒப்புநோக்கினர். தீர்ப்பு மாறியது அதனால்தான். ஓர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செய்யுளை இடைச்செருகல் என்று தள்ளுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கையாகும். பொய்யை ஏற்பதால் நேரும் இழப்புக்கு மெய்யைத் தள்ளுவதால் நேரும் இழப்பு குறைந்தது அன்று.

நிறைவாக

இன்று ஐந்து சென்டைச் செலவழிப்பதற்காக எவரும் போலி செய்யார். 2024ஆம் நிதியாண்டில் ஒரு நிக்கலை ஆக்க அமெரிக்க அக்கசாலைக்கே 13.78 சென்ட் செலவாயிற்று. இக்காலப் போலி, திரட்டுவோரை நோக்கியே செய்யப்படுகிறது. அரிய அச்சு வேறுபாடுகளையும் கருவிகளால் நுட்பமாகப் படியெடுத்து விற்கின்றனர். 1973இல் வந்த சட்டம், பாவனைக் காசுகளில் ‘காப்பி’ என்னும் சொல்லைப் பொறிக்க வேண்டும் என்றது. நேர்மையான படி தன்னைப் படி என்று கூறிக்கொள்ளும். கூறாத படிதான் பொய்.

ஆகவே பழம்போலிகளைத் திரட்டுவோர்க்கு ஒரு கடமை உண்டு. அவற்றைப் போலி என்றே எழுதி வைத்தல் வேண்டும். போலி என்றே சொல்லிக் கைமாற்றுதல் வேண்டும். பெயர்ச்சீட்டு ஒன்று கழன்று விழுந்தால், நூறாண்டு உறங்கிய பொய் மறுபடி கண்விழிக்கும். கள்ளக்காசு சட்டத்தின் கண்ணில் பறிமுதலுக்கு உரியது என்பதையும் அவர்கள் மறவார்.

பிழையை இகழ்வதும் பொய்யை வியப்பதும் எளிது. நிக்கல்களின் வரலாறு இரண்டையும் வேறுவகையாக நோக்கக் கற்பிக்கிறது. சாய்ந்து பதிந்த எண்ணிலும், தேய்ந்து மறைந்த காலிலும், பெயரறியாத் தொழிலாளி ஒருவரின் ஒருநாள் வேலை நிலைத்திருக்கிறது. அவர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. ஆதலால் அவர் பிழைக்கும் மதிப்பு உண்டு. கள்ளக்காசு செய்தவரின் கைத்திறம் அவரினும் மிகுந்திருக்கலாம். திறம் மிகுந்த அக்காசைப் பேழையில் வைக்கும்போதும், அதனைக் கூலியாகப் பெற்று ஏமாந்தவரை நினைத்துக்கொள்வதே நாணயம்.